உப்பு வழியில் ஓர் உலா

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு உற்றாரும் நண்பரும் சொல்லும் முதல் உபதேசம், "இனி நாலு ஊர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பதே. நல்ல உபதேசந்தான். ஆனால் எந்த நாலு ஊர், எந்த மாதத்தில், எத்தனை நாளில் என்பதை எவரும் சொல்வதில்லை. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போய்வர வழிகாட்டிகள் உண்டு. கூட்டமாக அழைத்துச் செல்வோரும் உண்டு. வீட்டிலிருந்து புறப்பட்டு, அருகிலுள்ள சிற்றூர்களின் வழியே, அவசரமின்றிப் பருவம் பார்த்துப் போய்வரும் பயணத்துக்கோ வழிகாட்டுவார் அரியர். அத்தகைய பயணம் ஒன்றை நான் ஒருமுறை தவறாகவும், ஒருமுறை ஓரளவு சரியாகவும் திட்டமிட்டேன். அந்த இரண்டையும் எடுத்துச் சொன்னால், புதிதாக ஓய்வு பெற்றிருக்கும் நேயர்களுக்குப் பயன்படலாம் என்று நம்புகிறேன்.

நான் புதுச்சேரியில் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். என் மனைவியின் பிறந்தகம் சென்னையில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் ஓடத் தொடங்கிய நாள் முதல், ஆண்டுக்கு ஐந்தாறு முறையாவது அவ்வழியே போய்வருவோம். புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம் வருகிறது. ஊரை அடுத்துக் கண்ணுக்கெட்டிய வரை உப்பளங்கள். கட்டம் கட்டமாகப் பிரித்த பாத்திகளில் வானம் தெரியும். வரப்புகளின் மேல் வெள்ளைக் குவியல்கள் நிற்கும். ஒவ்வொரு முறையும் என் மனைவி, "இங்கே ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும்" என்பாள். ஒவ்வொரு முறையும் நான், "ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம்" என்பேன். அதற்குள் பேருந்து உப்பளத்தைக் கடந்துவிடும்.

ஓய்வும் வந்தது. அந்த ஆண்டு கார்த்திகை மாதத்திலேயே புறப்பட்டுவிட்டோம். வெயில் இராது, உடம்புக்கு இதமாக இருக்கும் என்பது என் கணக்கு. மூன்று நாட்களில் ஒன்பது ஊர்களைப் பார்த்துவிடுவது என்று நேரம் குறித்து ஒரு பட்டியலும் எழுதிக்கொண்டேன். முப்பது ஆண்டுகள் மணி அடித்துப் பாடம் நடத்தியவனுக்கு வேறு எப்படித் திட்டமிடத் தெரியும்?

மரக்காணத்தை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் இருந்த இடத்தில் ஒரே வெள்ளக்காடு. பாத்தியும் தெரியவில்லை, வரப்பும் தெரியவில்லை. மருந்துக்கும் ஒரு கல் உப்பு இல்லை. சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "மழைக்காலத்தில் உப்பு பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. எஞ்சிய எட்டு ஊர்களில் நான்கை வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். என் மனைவிக்குக் கால்கள் வீங்கிவிட்டன. மூன்றாம் நாள் ஒருவரோடொருவர் அதிகம் பேசாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த கோடையில் அவளுக்கு நெஞ்சுவலி கண்டது. மருத்துவமனையில் சில நாட்கள் இருக்க நேர்ந்தது. பிழைத்து எழுந்தாள். ஆயினும், "பிறகு பார்க்கலாம்" என்று நான் சொல்லிவந்த சொல்லுக்கு அதன்பின் பழைய பொருள் இல்லாமற் போயிற்று. இன்னும் எத்தனை மாசி, எத்தனை பங்குனி என்று மனம் எண்ணத் தொடங்கியது. மருத்துவர் நீண்ட நாட்களுக்குப் பின், "மெதுவாகப் போய்வரலாம்" என்று அனுமதி தந்தார். இம்முறை தவறக்கூடாது என்று உறுதி செய்துகொண்டேன்.

என் முதல் திட்டத்தில் இருந்த பிழை யாது? நான் என் நாட்காட்டியை மட்டுமே பார்த்தேன். ஊரின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. எனக்கு எந்நாளும் விடுமுறை. ஆனால் நாம் காணப்போகும் ஊருக்கு ஒரு தொழில் உண்டு. அத்தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. மரக்காணத்துக்கு அப்பருவத்தை வகுப்பது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை. அப்பொழுது உப்பு இல்லை. தை பிறந்ததும் தேங்கிய நீரை வடித்து, வண்டலை அகற்றி, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுகச் செய்கிறார்கள். சித்திரையும் வைகாசியும் விளைச்சலின் உச்சம். புரட்டாசியில் மீண்டும் மேகம் திரளும்வரை வேலை நடக்கும்.

உப்பு விளையும் முறை அறிந்தால், மழை ஏன் அதற்குப் பகை என்பது விளங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிராம். அவற்றுள் நாம் உண்ணும் உப்பு முக்கால் பங்குக்குச் சற்று மேல். கழியிலிருந்தோ, நிலத்தடியிலிருந்தோ எடுத்த உவர்நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துவர். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாத்திகளுக்குத் திருப்புவர். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, உவர்ப்பு ஏறிக்கொண்டே வரும். இடையில் ஜிப்சம் படிந்து பிரியும். கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் உப்பு மணி மணியாகக் கட்டத் தொடங்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. இன்னும் சுண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும். ஆதலின் அந்தக் கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிடுவர். இத்தனை நாள் உழைப்பையும் ஒரு பெருமழை ஒரு மணி நேரத்தில் கரைத்துவிடும். கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளைச்சல் மறைந்துபோகும் வேளாண்மை இது.

அப்படியானால் சித்திரையில் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சித்திரை வெயில் உப்புக்கு உகந்தது. அறுபது கடந்த உடம்புக்கு உகந்ததன்று. ஊரின் பருவமும் உடம்பின் பருவமும் சந்திக்கும் மாதம் ஒன்றைத் தேடினேன். அது மாசி என்று கண்டேன். மாசியில் முதல் உப்பு வாரத் தொடங்கிவிடுகிறார்கள். வெயில் இன்னும் கடுமையாகவில்லை. அருகிலுள்ள கழுவேலி ஏரியிலும் அப்பொழுது பறவைகள் இருக்கின்றன. தென்னாட்டு உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியது கழுவேலி. 2021ஆம் ஆண்டில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஏரி அது. மாசியில் நீர் குறைந்து சேறு தெரிய, நெடுங்கால் பறவைகள் இரை தேடி அங்கே கூடுகின்றன.

காலம் கிடைத்தது, இனி வழி வேண்டும். அந்த வழியை நான் எந்த வரைபடத்திலும் கண்டுபிடிக்கவில்லை. ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் சொன்ன பத்துப்பாட்டிலேயே அது இருந்தது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. கடற்கரையிலுள்ள எயிற்பட்டினம், பின் வேலூர், பின் ஆமூர், முடிவில் கிடங்கில் என்று ஊர் ஊராக அவ்வழி செல்கிறது. எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. மோட்டாரில் சென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வழி. புலவரோ நெய்தல், முல்லை, மருதம் என நிலம் மாறுவதைக் காட்டி, ஒவ்வோர் ஊரிலும் தங்கச் சொல்லி, என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறார். கடற்கரையில் சுட்ட குழல்மீன். வேலூரில் புளி சேர்த்த சூடான சோறு. ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். அந்தந்த நிலத்தில் விளைவதே அந்தந்த ஊரின் விருந்து. சிற்றூர்ப் பயணத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் வேறு உண்டோ?

இக்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற வேறொரு கூட்டத்தையும் சங்கப் பாட்டுகள் காட்டுகின்றன. அவர்கள் உமணர்; உப்பு விற்போர். மனைவி மக்களோடு, வண்டி வண்டியாகச் சேர்ந்து செல்வர். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று, வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போவராம். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். இந்தச் சொல்லை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லியிருக்கிறேன். அது எனக்கும் பொருந்தும் என்பது ஓய்வு பெற்ற பிறகே விளங்கிற்று. என் முதல் பட்டியலில் ஒன்பது ஊர்கள் இருந்தன. சேம அச்சு இல்லை.

ஆகவே புதிய திட்டம் இப்படி அமைந்தது. ஐந்து நாட்கள், மூன்று ஊர்கள். நாள் ஒன்றுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டுவதில்லை. பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதே இல்லை; எதிர் வண்டியின் விளக்கொளி முதியவர் கண்ணை வெகுநேரம் கூசச் செய்யும். மணிக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடப்பது. நண்பகல் மூன்று மணி நேரம் நிழலில் இருப்பது. இரண்டு வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வைப்பது. நீர் பிரியும் மாத்திரை உண்போர், வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது. தங்கும் இடத்தை முன்னதாக விசாரித்து உறுதி செய்வது. சிற்றூர்களில் விடுதிகள் சிலவே, அவையும் எளியனவே. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து நாட்களுள் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுவது. அதுவே எங்கள் சேம அச்சு.

மாசி இரண்டாம் வாரத்தில் புறப்பட்டோம். முதல் நாள் மாலை, மரக்காணத்தில் பக்கிங்காம் கால்வாயின் கரையில் உட்கார்ந்திருந்தோம். ஆந்திரக் கரையோரமாகத் தொடங்கிச் சென்னை நகருக்குள் புகுந்து வரும் அந்நீர்வழி இங்கேதான் முடிகிறது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தின்போது, பசித்தவர்க்குக் கூலி தருவதற்காக வெட்டப்பட்டது. அந்நாளைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கு வந்தது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் இதில் போயின. இன்று தோணி இல்லை. கரையில் அமர்வதற்குக் காசும் இல்லை. அருகில் சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயில் இருக்கிறது. மறுநாள் மாலை அங்கே சென்றோம்.

அந்த மறுநாள் காலையில்தான், பொழுது புலருமுன் உப்பளத்துக்குப் போனோம். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று தொழிலாளர் இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினோம். "அக்கா, பார்த்து நடங்க, வழுக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. நீண்ட கோலின் முனையில் பலகை கட்டிய வாரியுடன் ஓர் அம்மையார் நின்றுகொண்டிருந்தார். என் மனைவியின் வயதுதான் இருக்கும். காலில் இரப்பர் உறை ஒன்றை அணிந்திருந்தார். அது பல இடங்களில் கிழிந்திருந்தது. உவர்நீரில் நாளெல்லாம் நிற்போருக்குப் பாதம் வெடிக்கிறது. வெண்மையில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கறுப்புக் கண்ணாடி இன்றி அங்கே வெயிலில் நிற்கலாகாது. நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் பாத்தியில் இறங்கவே கூடாது.

அவர் எங்களுக்கு ஒரு பாத்தியைக் காட்டினார். நீரின் மேல் மெல்லிய ஆடைபோல் ஏதோ மிதந்தது. "இப்பதான் கட்டுது. நாளன்னிக்கு வாருவோம்" என்றார். நாங்கள் ஓய்வு பெற்று ஊர் பார்க்க வந்திருப்பதை என் மனைவி சொன்னாள். "உங்களுக்குச் சர்க்கார் ஓய்வு கொடுக்குது, எங்களுக்கு மழைதான் ஓய்வு கொடுக்குது" என்றார் அவர். துக்கமாகச் சொல்லவில்லை; கேலியாகவும் சொல்லவில்லை. மழை மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வயல் வேலை கிடைச்சா வயலு. இல்லேன்னா கடன்" என்றார். அந்த வேலையற்ற மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித் தொகை வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. மூன்று மாதத்துக்கு அத்தொகை எம்மட்டும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நானும் என் மனைவியும் அன்று மாலை கோயில் திண்ணையில் அமர்ந்து அதைத்தான் கணக்கிட்டோம். கார்த்திகையில் நாங்கள் ஊர் பார்க்க வந்து, உப்பு இல்லையே என்று சலித்துக்கொண்டு திரும்பியபோது, இவ்வூரில் எத்தனை வீடுகளில் உலை வைக்க வழியின்றி இருந்திருப்பார்கள்! எங்களுக்கு அது கெட்டுப்போன விடுமுறை. அவர்களுக்கு அது மூன்று மாதம்.

மூன்றாம் நாள் விடியலில் கழுவேலிக்குப் போய்வந்தோம். வெகு தொலைவில் பூநாரைகள் ஒரு வெளிறிய கோடாகத் தெரிந்தன. அன்று அப்படியே உப்புவேலூர் வழியாகத் திண்டிவனம் போவதென்பது திட்டம். அதன்பின் ஒரு நாள் மிஞ்சினால் செஞ்சிக் கோட்டையைப் பார்க்கலாம் என்று நான் எண்ணியிருந்தேன். ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது என் மனைவி, "செஞ்சி எங்கும் போய்விடாது. அந்தப் பாத்தியை நாளைக்கு வாருவார்களே" என்றாள். நான் பட்டியலை எடுத்துப் பார்க்கவில்லை. வண்டியை மரக்காணத்துக்கே திருப்பினேன்.

நான்காம் நாள் காலை அதே வரப்பில் நின்றோம். முன்பு ஆடைபோல் மிதந்தது இப்பொழுது அடியில் திரண்டு கிடந்தது. அந்த அம்மையார் பலகையைச் செலுத்தி இழுக்க, நீருக்குள்ளிருந்து உப்பு சரசரவென்ற ஓசையோடு கரையேறியது. முதலில் சற்று மங்கலாய், நீர் வடிய வடிய வெண்மை கூடி, கதிரவன் எழும் நேரத்தில் பார்க்க இயலாதபடி பளிச்சிட்டது. ஒரு நாள் வந்து பார்த்துப் போயிருந்தால் பாத்தியைப் பார்த்திருப்போம், உப்பைப் பார்த்திருப்போம். நீர் உப்பாவதைப் பார்த்திருக்கமாட்டோம். என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இருபது வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் உப்புவேலூர் வழியே திண்டிவனம் சேர்ந்து, நண்பகல் உணவு உண்டு, இருட்டுமுன் வீடு திரும்பினோம். வழியில் கடற்கரை மணலும் பனையும் பின்தங்க, ஏரிப் பாசனத்து நெல் வயல்கள் எதிர்ப்பட்டன. நத்தத்தனார் பாணனுக்குக் காட்டிய நிலமாற்றம் இன்னும் அப்படியே இருக்கிறது. செஞ்சியைப் பார்க்கவில்லை. ஒன்பது ஊர் போய் ஒன்றையும் காணாத பயணத்தை எண்ணிப் பார்க்கும்போது, இது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்றவர்களிடம் பொருள் குறைவாயிருக்கலாம். காலம் நிறைய உண்டு என்று நினைக்கிறோம். உண்மையில் நம்மிடம் நாட்கள் நிறைய உண்டு. பருவங்கள் சிலவே உண்டு. ஆகையால் புறப்படுமுன் ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அவ்வூரில் என்ன தொழில், அது எம்மாதத்தில் நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெல்லூர் என்றால் அறுவடை எப்பொழுது, மீனூர் என்றால் படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் எப்பொழுது, பனையூர் என்றால் பதநீர் எப்பொழுது என்று அவ்வூராரையே விசாரியுங்கள். அம்மாதம் உங்கள் உடம்புக்கு ஏற்குமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துவரும் வாரத்தைக் குறித்துக்கொண்டு, பார்க்க விரும்பும் ஊர்களில் பாதியை அடித்துவிடுங்கள். ஒரு நாளைச் சேமமாக வையுங்கள். வேலை செய்வோரிடம் அனுமதி கேட்டு நில்லுங்கள். வாங்கக்கூடியது ஏதேனும் இருந்தால் அங்கேயே வாங்குங்கள்.

நாங்களும் மரக்காணத்தில் கொஞ்சம் கல்லுப்பு வாங்கி வந்தோம். ஊறுகாய்க்கு வேண்டும் என்று என் மனைவி ஒரு சீனச் சாடியில் இட்டு வைத்திருக்கிறாள். சென்ற ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று அந்தச் சாடியைத் திறந்து பார்த்தாள். உப்பு ஈரம் கசிந்திருந்தது. "அங்கே வேலை நின்றிருக்கும்" என்றாள். வருகிற மாசிக்கு மீண்டும் ஐந்து நாட்கள் குறித்திருக்கிறோம். அவற்றுள் நான்கிற்கு எதிரே ஊர்ப் பெயர்களை எழுதியிருக்கிறேன். ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.